சமையல் மேடையின் உயரம்

வாடிப்பட்டி
3.6.2024

அன்புள்ள சரண்யா,

நான் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சத்தம் போட ஆரம்பித்துவிடுகிறோம், வீட்டு விஷயம் எதுவானாலும் கடிதம் எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன்.

நீ திருநகரில் நம் வீட்டிலும் நான் இந்த வாடகை அறையிலுமாகப் பிரிந்து ஐந்து மாதம் ஆகிறது. வீட்டை விற்றுவிட்டு அவரவர் வழியைப் பார்ப்போம் என்று சொன்னது நீ. தலையை ஆட்டியது நான். ஆனால் வீடுதான் நகர மாட்டேன் என்கிறது. நமக்குப் பின்னால் விலைக்கு வந்த இரண்டு வீடும் போய்விட்டதாம். நம் வீட்டைப் பதினொரு குடும்பம் பார்த்தாயிற்று. "அண்ணே, வெலையும் சரியாத்தான் இருக்கு. வாராக, காப்பி குடிக்கிறாக, சிரிச்சுக்கிட்டே போறாக, திரும்பி வரமாட்டேங்கிறாக. உள்ள என்னதான் நடக்குது?" என்று புரோக்கர் அழகுமலை புலம்புகிறார். உனக்காவது தெரியுமா?

இப்படிக்கு,
பாண்டிராஜ்

திருநகர்
9.6.2024

திரு. பாண்டிராஜ் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளே நடப்பது இதுதான். அவர்கள் கேட்கிறார்கள், நான் பதில் சொல்கிறேன். மழைக்கு ஒழுகுமா என்றார்கள். மாடியறையில் ஒரே இடத்தில்தான், வாளி வைத்தால் போதும் என்றேன். போர் தண்ணீர் எப்படி என்றார்கள். உப்பு, பருப்பு வேகாது என்றேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற டீச்சர் பொய் சொல்ல முடியுமா?

அதைக்கூட அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுப்படிக்குள் போனதும்தான் வியாபாரம் படுத்துவிடுகிறது. போன வாரம் திருமங்கலத்திலிருந்து செல்லத்தாய் அக்கா என்று ஒருவர் வந்தார். சமையல் மேடை அவர் நெஞ்சுக்கு வந்தது. "ஆத்தி, இம்புட்டு உசரமா! ஏணி போட்டுல்ல தோசை சுடணும்?" என்றார். அவர் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆறடி இரண்டு அங்குல மனிதர் தன் உயரத்துக்கு மேடை கட்டினால் வீடு எப்படி விற்கும்? என்னைக் கேட்காமல் செய்ததில் அது ஒன்று. தை மாதம் என் ஸ்கூட்டியை என்னைக் கேட்காமல் உங்கள் தம்பி முத்திருளனுக்குத் தூக்கிக் கொடுத்தது இன்னொன்று. அதற்குப் பிறகும் உங்களோடு எப்படிக் குடித்தனம் செய்வது? பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதெல்லாம் உங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அன்பாக இல்லை.

சரண்யாதேவி

வாடிப்பட்டி
14.6.2024

அன்புள்ள சரண்யா,

ஸ்கூட்டி விஷயத்தில் தப்பு முழுக்க என்னுடையது. அதற்கு ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேச மாட்டேன்.

ஆனால் மேடையை விட்டுக்கொடுக்க மாட்டேன். பதினான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் உன்னைக் கேட்டுச் செய்தது அது ஒன்றுதான். கொத்தனார் சோணை எம்புட்டு உசரம் என்றார். உன்னிடம் கேட்டேன். "யாரு சமைக்கிறாகளோ அவுக உசரத்துக்கு வைங்க" என்றாய். ஞாயிற்றுக்கிழமை நான் வைக்கும் கறிக்குழம்பைத்தான் சொல்கிறாய் என்று, பெருமையாக நிமிர்ந்து நின்று அளவு கொடுத்தேன். மற்ற ஆறு நாளும் நீ சமைப்பாய் என்பது அந்த நேரத்தில் சத்தியமாக ஞாபகம் வரவில்லை.

போகட்டும். 23ஆம் தேதி ஞாயிறு சோணையை வரச் சொல்லிவிட்டேன். மேடையை இடித்து இறக்கிவிடுவார்.

இப்படிக்கு,
பாண்டிராஜ்

திருநகர்
23.6.2024

பாண்டிராஜ் அவர்களுக்கு,

சோணை அண்ணன் சுத்தியலோடு வந்து நின்றார். இதையும் என்னைக் கேட்காமலே செய்துவிட்டீர்கள்!

மேடைக்கு முன்னால் கிடந்த பலகையை அவர் பார்த்துவிட்டார். "இம்புட்டு வருசமா இதுல ஏறி நின்னா சமைக்கிறீக? அன்னைக்கே சொல்லிருக்கலாம்லம்மா?" என்றார். சொல்லியிருக்கலாம்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குனியாமல் நின்று, பாட்டுப் பாடிக்கொண்டு வெங்காயம் நறுக்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அதனால் சொல்லவில்லை.

அவர் சுத்தியலை ஓங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். செல்லத்தாய் அக்காவுக்கு வீடு ரொம்பவே பிடித்திருந்தது. மேடையை இறக்கிக்கொள்கிறோம் என்றார். அதை இடித்தால் மாடி இறங்கிவிடும் என்று கொத்தனார் சொன்னதாக நான்தான் சொன்னேன். டீச்சர் பொய் சொல்லிவிட்டாள்.

சரண்யா

வாடிப்பட்டி
27.6.2024

சரண்யா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உடனே பஸ் ஏறிவிடலாம் என்று செருப்பை மாட்டினேன். வாசல்வரை போனதும் புத்தி வந்தது. கழற்றிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீட்டுக்கு வரட்டுமா?

தம்பியிடமிருந்து ஸ்கூட்டியை வாங்கிவிட்டேன். நானே ஓட்டிக்கொண்டு வரட்டுமா, இல்லை ஆளிடம் கொடுத்து அனுப்பட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். நீ இல்லாமல் எனக்கு எதுவும் நன்றாக இல்லை.

உன்
பாண்டி

திருநகர்
1.7.2024

என்னங்க,

நீங்களே ஓட்டிக்கொண்டு வாங்க. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாங்க. வரும் வழியில் அரைக் கிலோ கறி எலும்போடு வாங்கிக்கொள்ளுங்கள். வெங்காயம் உரித்து வைத்திருப்பேன், நறுக்க மாட்டேன்.

வாசலில் தொங்கிய விற்பனை போர்டைக் கழற்றிவிட்டேன். அழகுமலை அண்ணனுக்குத்தான் வருத்தம். அவருக்கும் சேர்த்துக் குழம்பு வையுங்கள்.

என் பலகையில் ஆணி கழன்று ஆடுகிறது. வந்ததும் அடித்துக் கொடுங்கள். அதை மட்டும் என்னைக் கேட்காமலே செய்யலாம்.

உங்கள்
சரண்யா