எட்டு இலக்கம்

புடவையில் புண்ணாக்கு வாசம் இன்னும் போகவில்லை. உங்கள் மோட்டார் ரூமில் மூட்டை இழுத்த வாசம். துவைக்கப் போடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன்.

பள்ளிக்கூடப் பரீட்சை என்று உன் கருமாதிக்குக்கூட வராதவள், இன்று காலைதான் மல்லசமுத்திரம் வந்தேன். காப்பி கொடுத்த கையோடு உன் வீட்டுக்காரர் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். மோட்டார் ரூம் சுவரில், அடுக்கிய மூட்டைகளுக்கு மேலே, சாக்பீஸில் உன் கையெழுத்து: 73939133.

“ஏனுங்க டீச்சர், நீங்க அவகூடப் படிச்சவங்க. இது ஆரு போன் நம்பருங்க? பத்துக்கு எட்டுத்தான் இருக்குது. கடைசி ரண்டத் தொடச்சுட்டா போலிருக்குதுங்க” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன கேட்கிறார் என்று புரிந்தது.

சீ என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கல்லூரியில் உன்னையே சுற்றிச்சுற்றி வந்தானே, அவன் முகம் வந்து நின்றது. வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து என் போனில் அந்த எட்டையும் தட்டித் தேடினேன், அவன் பெயர் வருகிறதா என்று. இதில் நான் கணக்கு டீச்சர் வேறு. வெட்கங்கெட்டவள்.

யார் பெயரும் வரவில்லை. கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தேன். 7393, பிறகு 739. விரல் நின்றுவிட்டது.

திருச்செங்கோட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, “வால வெட்டு புள்ள, இன்னும் வெட்டு” என்பாயே. இந்த 73939133தான் அது; ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண். வாலில் ஒவ்வோர் இலக்கமாக வெட்டினாலும் மிச்சம் நிற்பதும் பகா எண்தான், ஏழு வரைக்கும். “இதுக்கு மேல ஒத்த எண்ண ஒட்ட வெய்யி பாக்கலாம். எத வெச்சாலும் வகுபட்டுப் போயிரும். இந்த மாதிரியில இதுதான் பெருசு” என்று, நீயே பெற்றெடுத்ததுபோலப் பெருமையடிப்பாய். அந்த எண்ணுக்குத்தான் நானும் உன் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு இலக்கம் தேடிக்கொண்டிருந்தோம்.

ஓடிப்போய் மூட்டைகளை இழுத்தேன். அவரும் கைகொடுத்தார். கீழே 7393913, அதற்குக் கீழே 739391 என்று குறைந்துகொண்டே போய், தரையோரம் ஒற்றை ஏழு. தண்ணீர் பாய்கிற நேரத்தில் எழுதியிருப்பாய். அவருக்கு ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.

சுவரில் கை வைத்தபடியே அழுதார். “நான் தப்பா நெனச்சுப்போட்டனுங்களே டீச்சர்.”

“உடுங்க, அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா” என்றேன். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் பஸ் ஏறும்போது அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார், புள்ள. உன் பெயரைக் காப்பாற்றியவள் என்று. அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.