சைரன் வரும் திசை

12 மார்ச்

இன்று அழைப்பு எதுவும் இல்லை. வண்டியைக் கழுவி, சைரனையும் ஹார்னையும் சோதித்தோம். பக்கத்து இருக்கைக்காரன் கனகராஜ் காதைப் பொத்திக்கொண்டான். நான் பொத்தவில்லை. எப்போது விட்டேன் அந்தப் பழக்கத்தை?

15 மார்ச்

சாப்பிடும்போது மனைவி புஷ்பா ஏதோ கேட்டிருக்கிறாள். என் காதில் விழவில்லை. “உங்க வலது பக்கம் உட்கார்ந்தா செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு,” என்றாள். கோபமில்லை. தட்டை எடுத்துக்கொண்டு இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

ஈப்போ பொம்பா தீயணைப்புப் படையில் சேர்ந்த நாள் முதல் வண்டிதான் ஓட்டுகிறேன். ஜன்னல் என் வலது காதோரம். சைரன் தலைக்கு மேலே.

22 மார்ச்

ஜெர்மனியிலிருந்து பவித்ரன் பேசினான். ஹம்பர்க்கில் வேலை கிடைத்ததிலிருந்து வாரம் ஒருமுறை அழைக்கிறான். பேச்சின் நடுவே, “அப்பா, இங்க பொம்பா வண்டி போவுது, கேளுங்க,” என்று போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். வலது காதில் வைத்திருந்தேன். ஏதோ தூரத்து முனகல். இடது காதுக்கு மாற்றினேன் — இரண்டே சுரம், மேலும் கீழுமாக, கணீரென்று.

“நெடுஞ்சாலையில காரெல்லாம் ரெண்டு பக்கமும் ஒதுங்கி நடுவுல வழி விடுவாங்கப்பா. நம்ம ஊர்ல அப்படி விட்டா உங்களுக்கு எவ்ளோ நல்லா இருக்கும்.”

“ஆமா,” என்றேன். நான் வழியைப் பற்றி நினைக்கவில்லை. போனை மறுபடி வலது காதில் வைத்துப் பார்த்தேன். அதற்குள் வண்டி போய்விட்டது.

29 மார்ச்

வலது காது சரியாகக் கேட்பதில்லை என்று கனகராஜிடம் மட்டும் சொன்னேன். “நான் பக்கத்துலதான இருக்கேன். எது எந்தப் பக்கம் வருதுன்னு நான் சொல்றேன், நீங்க ஓட்டுங்கண்ணே. யாருக்கும் தெரிய வேணாம்லா,” என்றான்.

மனசு லேசானது. லேசாகியிருக்கக் கூடாதோ?

8 ஏப்ரல்

கனகராஜ் லீவு. பாகான் செராயில் தங்கச்சி கல்யாணம்.

10 ஏப்ரல்

எழுதத்தான் வேண்டும்.

புந்தோங்கில் ஒரு வீட்டு அடுப்படியில் தீ. கனகராஜ் இடத்தில் ஷாரில். சந்திப்பில் எங்களுக்குச் சிவப்பு விளக்கு. வேகத்தைக் குறைத்தேன், பார்த்தேன், கார்கள் நின்றன, வண்டியை நகர்த்தினேன். ஷாரில் கத்தினான். பிரேக்கை மிதித்தேன். வலது பக்கமிருந்து ஓர் ஆம்புலன்ஸ் எங்கள் மூக்கை உரசுவதுபோல் கடந்து போனது. அதுவும் சைரனோடுதான் வந்திருக்கிறது. எனக்குக் கேட்டது என் சைரன் மட்டும்.

அதன் பின்பக்க ஜன்னலில் ஒரு பெண் தெரிந்தாள். படுத்திருந்த யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவளுக்கு எங்களைத் தெரியாது. எவ்வளவு பக்கத்தில் வந்தோம் என்றும் தெரியாது.

தீ சின்னதுதான், அணைத்துவிட்டோம். திரும்பி வரும்போது ஷாரில், “நல்ல பிரேக், அண்ணே,” என்று தோளைத் தட்டினான். ஐயோ, அவன் கத்தலைன்னா என்ன ஆயிருக்கும்? என்ன ஆயிருக்கும்?

11 ஏப்ரல்

புஷ்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

14 ஏப்ரல்

கோயிலிலிருந்து திரும்பும்போது காரில் வைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும். அவள் மடியிலிருந்த பிரசாதப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வண்டிய விட்டுட்டா நான் யாருன்னு தெரியலை புஷ்பா.”

“அந்த ஆம்புலன்ஸ்ல இருந்தவளுக்கு மட்டும் நீங்க யாருன்னு தெரியுமா? வழி விடுவீங்கன்னு நம்பித்தான வந்தா.”



16 ஏப்ரல்

நிலையத் தலைவர் துவான் அஸ்ரியிடம் போனேன். அவர் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கேட்டு முடித்ததும் கையை மட்டும் நீட்டினார். வண்டிச் சாவியைக் கொடுத்தேன்.

19 ஏப்ரல்

கல்யாணப் பலகாரத்தோடு வந்த கனகராஜ் செய்தி கேட்டு முகம் சுருங்கிப் போனான். “ஏண்ணே? நான் இருக்கேன்னு சொன்னேன்ல?”

“நீ இல்லாத அன்னிக்குத்தான்லா நடந்துச்சு.”

பலகாரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

6 மே

காதுப் பரிசோதனை. இடது காது பரவாயில்லை. வலது திரும்ப வராது. ஒரு காது மட்டும் நன்றாகக் கேட்டால் சத்தம் கேட்கும், அது வரும் திசைதான் தெரியாது என்றார் டாக்டர். தெரியும் என்றேன்.

2 ஜூன்

புது வேலை. தெருவோரத் தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது. ஒரு சின்ன வேன், ஒரு பெரிய திருகுச்சாவி. அவமானம் என்று எழுதி அடித்துவிட்டேன். அவமானமில்லை. அமைதி. அதுதான் பழகவில்லை.

17 ஜூலை

சிலிபினில் ஒரு குழாயைச் சோதித்துக்கொண்டிருந்தேன். சைரன் கேட்டது. எங்கிருந்து? தெரியவில்லை. பக்கத்தில் வடை சுட்டுக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தேன். அவர் சந்தைப் பக்கம் திரும்பியிருந்தார். நானும் திரும்பினேன். சாலையில் ஒரு லாரி ஒதுங்காமல் நின்றது. இறங்கிப் போய்க் கையைக் காட்டி ஓரங்கட்ட வைத்தேன்.

வண்டி வந்தது. ஓட்டியது கனகராஜ். என்னைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தான். அப்படித்தான் ஓட்ட வேண்டும்.

“எங்கண்ணே தீ?” என்று கேட்டார் அந்த அக்கா.

“தெரியலக்கா,” என்றேன்.

வடை இரண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த குழாய்க்குப் போனேன். கொஞ்சம் இறுகியிருந்தது. பலமாகத் திருகினேன். தண்ணீர் நல்ல வேகத்தில் வந்தது.