நீ அளந்து வாங்கிய ரிவோல்வர்

இன்று காலை எழுந்ததும், கேத்திலைக்கூட அடுப்பில் வைக்காமல், உன் ரவைப் பட்டிக்குத் தோல் கிறீம் பூசினேன். இடுப்பில் கட்டுகிற அந்தப் பழுப்புப் பட்டிதான், ரவைகள் செருக வரிசையாக வளையங்கள் தைத்தது. நேற்று மாலை உன் மனிசன் கிளவுஸ் கொண்டுவந்து தந்தார். மூக்கருகே கொண்டுபோனேன். தோல் வாசனைக்கு மேலாக நம் கடையின் மெசின் எண்ணெய் மணத்தது. தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெயைத்தானே நீ உன் ரிவோல்வருக்கும் விடுவாய்.

கிளவுஸ் மெலிந்துவிட்டார். ரிவோல்வர் அவருடைய இரும்பு அலுமாரியில் பூட்டியபடி இருக்கிறதாம். இந்த மாரியில் நீ கண்ணை மூடிய பிறகு அதை வெளியே எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்து ஊர்ச் சுடும் கழகத்தைச் சேர்ந்த ஒருவர் வாங்க விரும்புகிறார், சனிக்கிழமை வந்து பார்ப்பார் என்றார். பட்டிக்கு அனுமதி அட்டை தேவையில்லை, ஆகவே அது எனக்கு என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

இந்தத் துவக்கு உலகம் நம்மிடம் பாவாடைகளோடு வந்தது. வார இறுதிகளில் நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க மாட்டுக்காரர்களைப் போல உடுத்துக்கொண்டு, அந்தக் காலத்து ரிவோல்வர்களின் நகல்களால் குறிபார்த்துச் சுடுகிற கழகம் அது. அவர்களுடைய பெண்களுக்கு நீளப் பாவாடை வேண்டியிருந்தது. இந்த ஊரில் உடுப்புத் திருத்தும் கடை நம்முடையது ஒன்றுதான். அளவெடுக்கப் போன நீ, கிளவுஸைக் கட்டிக்கொண்டு, பிறகு சுடப் பழகி, சோதனையும் எழுதி அனுமதி அட்டையும் எடுத்துவிட்டாய்.

என் வீட்டில் இவருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊரிலை துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள். இஞ்சை வந்து கடையிலை வேண்டுறதோ?" என்று உன் முகத்துக்கு நேரே கேட்டார். நீ தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னாய்: "அண்ணை, அங்கை அது எப்பவும் மற்றவன்ரை கையிலை. ஒருக்கா என்ரை கையிலை இருந்தால் எப்பிடி இருக்குமெண்டு பாக்கிறன்." இவர் எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு வசந்த காலம். டோர்ட்முண்டுக்கு ரயிலில் போனோம், நீ தேர்ந்தெடுக்க, நான் துணைக்கு. கடைக்காரர் பச்சைத் துணி விரித்து மூன்று ரிவோல்வர்களை வைத்தார். மூன்றும் இத்தாலியில் செய்த நகல்கள், ஒரே அச்சு. ஒன்று நாற்பத்தைந்து கலிபர், நீளக் குழல். நடுவில் இருந்தது நாற்பத்துநான்கு. அதே ரவையைப் போடும் பழைய மாதிரி நீளத் துவக்கு ஒன்று கிளவுஸிடம் இருந்ததால், இரண்டுக்கும் ஒரே ரவைப் பெட்டி போதும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். கடைசியில் முந்நூற்றைம்பத்தேழு, துளை கொஞ்சம் சிறிது.

நீ கைப்பையிலிருந்து நம் அளவு நாடாவை எடுத்தாய். பெருவிரல் இடுக்கிலிருந்து சுட்டுவிரல் நுனி வரை உன் கையை அளந்தாய். பிறகு பிடியை, பின்னால் பெருவிரலால் இழுக்கிற சுத்தியலுக்குள்ள தூரத்தை. மூன்று ரிவோல்வரிலும் அவை ஒரே அளவு. "அப்ப வடிவானதையே எடுப்பம்," என்று நாற்பத்தைந்தைத் தொட்டாய். கடைக்காரர் மறுக்கவில்லை. கீழே நிலவறையில் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள் என்று மட்டும் சொன்னார்.

நான் கீழே வரவில்லை. மேலே கதிரையில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். தரை வழியாக வெடி வந்தது. ஒவ்வொன்றுக்கும் என் முதுகு தனியாகத் துள்ளியது. நீ ஏறி வந்தபோது பெருவிரல் இடுக்கில் தோல் கிழிந்திருந்தது. வெடித்ததும் பிடி உள்ளங்கையில் உருண்டு, சுத்தியல் கடித்துவிட்டது.

"நான் அளந்தது சும்மா நிண்ட கையையடி," என்றாய். "உடுப்பைப் போட்டு நடக்கவிட்டுப் பாக்காமல் ஊசி எடுப்பமோ நாங்கள்?"

மற்ற இரண்டையும் தூக்கிப் பார்த்தாய். முந்நூற்றைம்பத்தேழுதான் கூடப் பாரம். வெளி அளவு ஒன்று, துளை சிறிது, ஆகவே மிஞ்சிய இரும்பு அதிகம்; அந்தப் பாரம் உதைப்பை வாங்கிக்கொள்ளும் என்றார் கடைக்காரர். இன்னொன்றும் சொன்னார். அதற்கு முப்பத்தெட்டு ரவையையும் போடலாம். பருமன் ஒன்றுதான், நீளம் மட்டும் குறைவு, அடியும் மெது. ஆனால் முப்பத்தெட்டுக்கென்று செய்த ரிவோல்வரில் மற்றதைப் போடவே கூடாது. நீ என்னைப் பார்த்தாய். உள்ளே துணி விட்டுத் தைத்தால் பிறகு பிடிக்கலாம், கூட்டலாம். ஒட்ட வெட்டினால் ஒன்றும் ஏலாது. அதை நாம் வாடிக்கைக்காரருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்போம். கீழே கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்துவிட்டு, அன்றே முந்நூற்றைம்பத்தேழை எடுத்தாய். கடைசிவரை அதில் மெதுவான முப்பத்தெட்டை மட்டுமே சுட்டாய்.

திரும்பி வரும் ரயிலில்தான் கேட்டேன், ஏன் இந்தப் பழைய மாதிரி, சுலபமாகச் சுடுவது எத்தனையோ இருக்கிறதே என்று. காயத்தைச் சூப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாய்: "இதுக்கு அவசரம் தெரியாது. ஒவ்வொரு வெடிக்கும் முதல் சுத்தியலைப் பெருவிரலாலை இழுக்கவேணும். நான் ஓமெண்டு சொல்லாமல் ஒண்டும் வெளியாலை போகாது."

கழகத்து வெளிக்கு உன்னோடு வந்த ஞாயிறுகளில் நான் கழகக் குசினியின் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். உருளையின் அறைகளில் நீ ரவை நிரப்புவதைப் பார்ப்பேன். ஒன்று போட்டு, ஒரு அறை விட்டு, நான்கு போட்டு, சுத்தியலை இழுத்து அந்த வெற்று அறை மேல் மெல்ல இறக்குவாய். ஆறு அறை, ஐந்து ரவை. தட்டுப்பட்டாலும் வெடிக்காமலிருக்க அந்தக் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். பிறகு, ஒவ்வொரு வெடிக்கும் முன்னால், என் பக்கம் பார்க்காமலே இடக்கையைச் சற்று உயர்த்துவாய். இனிச் சத்தம் வரும் என்று எனக்குச் சொல்ல. கழகத்தார் அதை உன் விசித்திரப் பழக்கம் என்று நினைத்தார்கள். சொல்லிவிட்டு வருகிற சத்தத்துக்கு என் முதுகு துள்ளவில்லை என்று முதலில் கண்டுபிடித்தது நீதான். நம் ஊரில் ஒரு வெடியும் சொல்லிக்கொண்டு வரவில்லை.

இந்தப் புதுவருட இரவில் தெருவெல்லாம் பட்டாசு வெடித்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். இவர் வழக்கம்போல் ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டு வானொலியைக் கூட்டி வைத்தார். மேசைக்குக் கீழே என் இடக்கை தானாக உயர்வதை நான் பார்த்தேன்.

பட்டி இப்போது மினுங்குகிறது. கடைசி வளையத்தில் நீ தைத்த நூல் தளர்ந்திருக்கிறது. மெழுகு நூல் கோத்து வைத்திருக்கிறேன். என் இடுப்புக்கு ஒரு துளை தள்ளிப் போடவேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமைக்கு முன் கிளவுஸிடம் ரிவோல்வரை விற்கவேண்டாம் என்று கேட்கப்போகிறேன். அது என் பெயருக்கு வர ஒரு வருடமாவது செல்லும். அதுவரை அவருடைய அலுமாரியிலேயே இருக்கட்டும். வியாழன் கழகத்தில் புதியவர்கள் பழகும் நாள். பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க, அனுமதி அட்டை இல்லாதவர்களும் சுடலாமாம். இவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒருவருக்கும் இன்னும் சொல்லவில்லை. ஐந்துதான் போடுவேன். முதலாவதுக்கு முன்னால் இடக்கையை உயர்த்துவேன். குசினி ஜன்னலில் அன்றைக்கு ஒருவரும் நிற்கமாட்டார்கள். பரவாயில்லை, உயர்த்துவேன்.