நகத்தில் இருந்த நீலம்

செவ்வாய்க்கிழமை, கார்த்திகை நான்கு. ஆஸ்பத்திரி பெஞ்சில்.



மூன்று நாளாக என் வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு. டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் ஷிப்ட் போய்விடும் என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். செல்போனிலேயே டாக்டரைப் பார்க்கலாம் என்று நான்தான் சம்மதிக்க வைத்தேன்.

காலையில் வீடியோவில் வந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். கையைக் காட்டச் சொன்னார். "நகமெல்லாம் ஏன் நீலமா இருக்கு?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "சாயப்பட்டறை வேலைங்க டாக்டர். எத்தனை தேச்சாலும் போகாதுங்க." இவரும் ஆமாம் என்றார். இருபது வருடமாக அந்த நிறத்தில்தானே தன் கையைப் பார்க்கிறார். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் இவரோடு ஒரே மெஷினில் நிற்கும் சலீம் அண்ணன் பார்க்க வந்தார். டீ டம்ளரை வாங்கிய அவர் விரல்கள் சுத்தமாக இருந்தன. "உங்க கையில சாயமே காணோமுங்களே?" என்றேன்.

"ரெண்டு வாரமா வெள்ளைத் துணிதானுங்க அம்மிணி ஓடுது. நாங்க சாயத்தையே தொடலைங்க."

திரும்பி இவர் உதட்டைப் பார்த்தேன். அங்கேயும் நீலம். ஆட்டோவில் எப்படி ஏறினோம் என்றே நினைவில்லை.

நிமோனியாவாம். ஆக்சிஜன் வைத்த ஒரு மணி நேரத்தில் நகம் சிவந்துவிட்டது. சாயமென்றால் போயிருக்குமா?

காலையில் பார்த்த டாக்டருக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று செல்போன் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். அந்தக் கையைத் தொடும் தூரத்தில் இருந்தவள் நான்.