அடைப்புக்குள் மார்யன்

யோரெ,
3 மார்ச் 2004

அன்புள்ள ஹிஸ்கே,

இங்கே எல்லாரும் நலம் (என் முதுகைத் தவிர). அப்பா அம்மாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்குச் செய்தித்தாளில் போடும் அறிவிப்பை எழுதிவிட்டேன் (அம்மா திருத்தித் திருத்தி உயிரை வாங்கினாள்). வாசலில் தோரண வளைவு கட்டப் பக்கத்து வீட்டார் இப்போதே தயார். அறிவிப்பின் அடியில் நம் பெயர்கள் இப்படி வரும்:

கெர்லோஃப், தினெகெ
ஹிஸ்கே (மார்யன்)

சரிதானே? சீக்கிரம் சொல்.

உன் அண்ணன்,
கெர்லோஃப்

உட்ரெக்ட்,
6 மார்ச் 2004

அண்ணா,

உன் மனைவிக்குக் காற்புள்ளி, என் மனைவிக்கு அடைப்புக்குறியா? முதுகுவலியைக்கூட அடைப்புக்குறிக்குள் எழுதுகிற ஆள் நீ. சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் மார்யன் அதைப் படித்துவிட்டு, "பரவால்ல விடு, பேராவது வந்துச்சே" என்றாள். உடனே பேனாவை எடுத்துவிட்டேன்.

பெண்ணும் பெண்ணும் கல்யாணமா என்று எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் ஒருவரும் வரவில்லை. பொறுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனபோது லீவு போட்டு வந்து அவரைக் குளிப்பாட்டியதும் அவள்தான். இன்னும் பொறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அடைப்பை எடு. முடியாதென்றால் என் பெயரையும் எடுத்துவிடு. விழாவுக்கும் வரமாட்டோம்.

ஹிஸ்கே

யோரெ,
15 மார்ச் 2004

அன்புள்ள ஹிஸ்கே, அன்புள்ள மார்யன்,

பழக்கதோஷம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன் (பாதிப் பக்கம் எழுதியும்விட்டேன்). அது பொய். அடைப்புக்குள் போட்டால் பார்க்கிறவர் பார்ப்பார், பிடிக்காதவர் தாண்டிப் போவார் என்று கணக்குப் போட்டேன். கோழைத்தனம், வேறென்ன.

அறிவிப்பு சனிக்கிழமை வந்துவிட்டது. 'ஹிஸ்கே, மார்யன்' என்றுதான் இருக்கிறது. அம்மா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள் (காபி ஆறிப்போனது). அப்பா அதை வெட்டி அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார்.

ஞாயிறு மத்தியானம் சூஸ் அத்தை போன் செய்தாள். சர்ச்சில் எல்லாரும் கேட்கிறார்களாம். "யாருடா அந்த மார்யன்? ஹிஸ்கேயோட சிநேகிதியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல அத்த. ஹிஸ்கேயோட பொண்டாட்டி. எங்க வீட்டுப் பொண்ணு," என்றேன்.

அத்தை போனை வைத்துவிட்டாள். விழாவுக்கு அவள் வரமாட்டாள். நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள்.

கெர்லோஃப்