மழைக்கு வேண்டியது

9 ஜூலை 2024, செவ்வாய், புஜைரா

டயர், ரேடியேட்டர், பிரேக், ஓமானுக்கான இன்சூரன்ஸ் — எல்லாம் மூன்று முறை பார்த்தாயிற்று. எண்ணெய்த் தொட்டிகளில் டேப்பை இறக்கி ஆழம் அளந்த முப்பது வருடப் பழக்கம். மூன்று அளவும் ஒத்துப்போனால்தான் எழுதுவேன். ஆனாலும் மனம் நிலைகொள்ளவில்லை. துபாய்க்கே பஸ்ஸில் போகிறவன், கடற்கரை வழியாக ஓமானின் சலாலா வரை ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்ட ஏன் ஒப்புக்கொண்டேன்?

கபீர் பாய்க்காக. எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், கீழக்கரைக்காரர். ஒவ்வொரு ஜூலையிலும், “சலாலாவுல மழை தொடங்கிருச்சு சார், மலையெல்லாம் பச்சையா இருக்குமாம், போவமா?” என்பார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பேன். இப்படிப் பதினெட்டு வருடம். இப்போது கண் அழுத்த நோயில் அவருக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் கொஞ்சம் மிச்சம். 28ஆம் தேதி கடையை விட்டு ஊரோடு போகிறார்.

முன்பே போயிருந்தால் அவரே ஓட்டியிருப்பார். பார்த்தும் இருப்பார்.

14 ஜூலை, ஞாயிறு, சூர்

நாளெல்லாம் ஓட்டினேன். எண்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போனார்கள். பாய் ஒவ்வொருவருக்கும் ஜன்னல் வழியே சலாம் வைத்தபடி வந்தார்.

15 ஜூலை, துக்ம்

மணல் காற்று. ஒரு டிரெய்லர் லாரி உரசுகிற மாதிரி கடந்து போனது. அதற்குப் பிறகு அறுபதைத் தாண்டவில்லை. மகன் சரவணகுமார் போனில், இந்த வயதில் உங்களுக்கு இது தேவையா என்றான்.

சாயங்காலம் பாயிடம் சொன்னேன்: முன்னால் ரோட்டை அடைத்துவிட்டார்களாம், நாளைக்குத் திரும்பிவிடலாம்.

பொய். அவரால் பார்த்துச் சரிபார்க்க முடியாது என்று தெரிந்தே சொன்ன பொய்.

“சரி சார்” என்றார். பிறகு பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

நீயெல்லாம் என்ன மனுஷன்டா?

16 ஜூலை, மிர்பாத்

காலையில், ரோடு திறந்துவிட்டதாம் என்று சொல்லி வண்டியைத் தெற்கே விட்டேன்.

17 ஜூலை, சலாலா

மிர்பாத்தைத் தாண்டி மலைப்பாதையில் ஏறியதும் மூடுபனி வெள்ளையாக மூடிக்கொண்டது. பிறகு தூறல். வைப்பரைப் போட்டேன். இரண்டு ரப்பரும் அப்பளமாக நொறுங்கின. ஒரு துண்டு மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஆடியது. எத்தனை வருட வெயில்! ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஓரங்கட்டி நிறுத்தினேன்.

பாய் இருமல் வரும்வரை சிரித்தார். “டயரப் பாத்தீங்க, பிரேக்கப் பாத்தீங்க. மழைக்கு வேண்டியத மட்டும் பாக்கலியே சார்.”

குடையும் எடுத்து வரவில்லை. அப்படியே இறங்கினோம். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, முகத்தை மேலே தூக்கியபடி நின்றார். வெகுநேரம்.

“எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு. பச்சை இருக்கா? மூணு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க.”

பார்த்தேன். சாலையிலிருந்து பத்தடியில் புல், முழங்கால் உயரம். அதற்கு மேலே காட்டு அத்தி மரங்கள், கரும்பச்சை. நனைந்த ஒட்டகங்கள் நாலு, ஒன்று குட்டி. அப்பால் மலை இருக்கலாம், எனக்கும் தெரியவில்லை — அதையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

அப்போதுதான் துக்ம் விஷயத்தைச் சொல்ல முடிந்தது. ரோடு அடைக்கவில்லை, நான்தான் பயந்துவிட்டேன் என்று.

“தெரியும் சார். அந்த ஊரு டீக்கடை மலையாளி அன்னிக்கே சொல்லிட்டான்.”

பிறகு ஏன் கேட்கவில்லை?

“விடிஞ்சா நீங்களே தொறந்து விட்ருவீங்கன்னு இருந்தேன்.”

28 ஜூலை, ஞாயிறு, புஜைரா

பாயைத் துபாய் விமான நிலையத்தில் விட்டு வந்தேன். நானே ஓட்டிப் போனேன்.

தனியாகத் திரும்புகையில் மலைகளுக்கு நடுவே நல்ல வெயில். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. புது வைப்பரை ஒருமுறை ஓடவிட்டேன்.