அன்ரனின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி

2007 ஒக்டோபர் 17, புதன்

விடியவே மழை. எங்கள் படக்கடை வாசலில் ஊருக்குள் திரிகிற மான் இரண்டு, ஈரச் சுவரொட்டியை உரித்துத் தின்றுகொண்டு. விரட்டினால் முறைக்குதுகள்.

இன்று முழுக்கக் குடும்பப் படம். ஆமிக்காரரின் வீட்டுப் பதிவுக்கு எல்லோரும் ஒரே படத்தில் நிற்க வேண்டுமாம். சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம், கைக்குழந்தையோடு. ஒருவர் கண்ணைத் திறந்தால் மற்றவர் மூடுகிறார். தாத்தாவைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னேன். "காம்புக்குக் குடுக்கிற படத்துக்கு என்ன பிள்ளை சிரிப்பு?" நியாயம்தான்.

காலையிலேயே ஜூட் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தான். என் மனுசன் அன்ரனின் தம்பி. எனக்கு ஊரில் உள்ளவர்களைவிட அவன்தான் உதவி.

"அண்ணி, நாங்கள் படம் அனுப்புற புரோகிராம் இருக்கெல்லே, அந்தப் பழசு இந்த மாதத்தோட நிக்குதாம். புதுசைப் போடுங்கோ."

யார் கேட்டது புதிது? பழையதில் எல்லாம் விளங்கும். படத்தைத் தெரி, ஆளைத் தெரி, பொத்தானை அழுத்து, போய்ச் சேரும். புதியதில் பொத்தானே இல்லையாம். ஒரு போல்டருக்குள் எதைப் போட்டாலும் தானாகவே எல்லோருக்கும் போய்விடுமாம். தானாகவே என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இறக்கத் தொடங்கினேன். பாதியில் கரண்ட் போய்விட்டது.

வாங்க வேண்டியது: மெழுகுதிரி, மாமியின் பிரஷர் குளிசை, படத்தாள்.

ஒக்டோபர் 18, வியாழன்

நல்ல வெயில். புது வெர்ஷன் ஏறிவிட்டது. பழைய ஆட்களின் பெயர்களை அதுவே இழுத்தெடுத்து இடப்பக்கம் அடுக்கியிருக்கிறது. கடையின் பெயர், ஜூட், அன்ரன். ஆள் இணைப்பில் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. இல்லையென்றால் சாம்பல்.

அன்ரனுக்குப் பச்சை.

அடையாள அட்டைப் படத்துக்கு வந்த பெட்டை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டதுகூடப் பிந்தித்தான் கேட்டது. அவளை எடுத்து அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் சாம்பல்.

தை மாதம் தம்பலகாமத்தில் ஒரு கலியாணத்துக்குப் படமெடுக்கப் போனவர். போய்ச் சேரவில்லை. மோட்டார் சைக்கிள் கப்பல்துறையில் வீதியோரம் நின்றது, ஹெல்மெட் பக்கக் கண்ணாடியில் தொங்கியபடி. கமராப் பையும் இல்லை, லெப்டொப்பும் இல்லை. கேட்காத இடமில்லை. முறைப்பாடு எழுதிய துண்டுகள் அலுமாரிக்குள் கிடக்கின்றன.

ஜூட்: "புது வெர்ஷன்ர பிழையா இருக்கும் அண்ணி. சும்மா மனதைக் குழப்பாதேங்கோ."

குழப்பாமல் வேறென்ன செய்ய, சொல்லேன் பார்ப்போம்.

மாமிக்குச் சொல்லவில்லை.

ஒக்டோபர் 20, சனி

அன்ரனின் போல்டரில் புதுப் படங்கள்.

மண்ணிற நாய். அதே நாய், படுத்தபடி. தண்ணீர்த் தாங்கி ஒன்று, புதிதாகக் கட்டியது. ஒரு பெண்ணின் முதுகு, உடுப்பு காயப் போடுகிறாள். மூடிய கேற். பிறகும் நாய்.

யாருடைய வீடு இது? எங்கே? மரங்களைப் பார்த்தேன். தென்னை, பலா. இலங்கை முழுக்கத் தென்னையும் பலாவும்தான்.

எடுத்தவனுக்குப் படமெடுக்கத் தெரியாது. நாயின் வாலை வெட்டியிருக்கிறான். ஆனால் கமரா அன்ரனுடையதுதான். வானம் வருகிற எல்லாப் படத்திலும் வலது மூலையில் மங்கலாக ஒரு புள்ளி. உள்ளே தூசி. எத்தனை மணப்பெண்களின் தலைக்கு மேல் அதை நான் அழித்திருக்கிறேன். "கொண்டுபோய்த் துடைப்பியுங்கோவன்" என்று சண்டைகூடப் பிடித்திருக்கிறேன்.

மீன்காரன் இன்று வரவில்லை. கருவாடு.

ஒக்டோபர் 22, திங்கள்

ஜூட்டும் பார்த்துவிட்டான். குரலே மாறிப்போயிருந்தது.

"லெப்டொப்பை வச்சிருக்கிறவனுக்குத் தெரியாது அண்ணி. புரோகிராம் தன்ரபாட்டில புதுசாகியிருக்கு. முந்தி அண்ணா பொத்தான் அமத்தினால்தான் எங்களுக்கு வரும். இப்ப அவன் கமராவில இருந்து போல்டருக்குள்ள கொட்டுறது எல்லாம் வருகுது. கொட்டுறவன் நினைக்கிறான் தன்ர வீட்டுக்குள்ள வச்சிருக்கிறன் எண்டு."

அப்படியென்றால் நான் இங்கே துறைமுக வீதியில் இருந்துகொண்டு அவன் வீட்டு ஜன்னலால் எட்டிப் பார்க்கிறேன். அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் பச்சை வருகிறதா என்று பார்த்தபடியேதான் இருக்கிறேன். இன்று நான்கு அடையாள அட்டைப் படத்தைப் பிழையாக வெட்டினேன்.

ஒக்டோபர் 25, வியாழன்

மாமியோடு சண்டை. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது. செத்தவர்களின் பெயரை எழுதிக் கவரில் போட்டுப் பங்குக் கோயிலில் கொடுத்தால் ஃபாதர் பூசையில் வாசிப்பார். மாமாவின் பெயருக்குக் கீழே மாமி அன்ரனையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறா. என்னைக் கேட்காமல்.

"ஆரைக் கேட்டு எழுதினீங்கள்?"

"பெத்தவள் நான். ஆத்துமா வழி தெரியாமல் அலைஞ்சு திரிஞ்சால் நீ பாப்பியே?"

"அவர் சாகேல்ல மாமி."

"நீ கண்டனியே?"

நாயையும் தண்ணீர்த் தாங்கியையும் காட்டி என்ன சொல்வது? வெறும் கமராவும் லெப்டொப்பும் உயிரோடு இருக்கின்றன என்றா?

ஒக்டோபர் 27, சனி

வந்துவிட்டார்.

எழுத ஏலாது. பிறகு.

(பின்னேரம்) நாயின் படம். அதற்கு அடுத்த எண்ணில் அன்ரன். அதற்கு அடுத்ததில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள் கேக், நீல ஐசிங், கத்தி பிடித்த சின்னக் கை.

அன்ரன் பிளாஸ்டிக் கதிரையில். வெள்ளைச் சுவர். மேலே சுவர் மணிக்கூடு. வேறு யாருடையதோ ஒரு சேட், தோள் தொங்குகிறது. மூக்குக்கண்ணாடி இல்லை. நல்லாய் மெலிந்துவிட்டார். தாடியை அப்போதுதான் வழித்திருக்கிறார்கள்போல, கன்னத்தில் வெட்டு.

தலை நேரே, இரண்டு காதும் தெரிய, நாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி. கடையில் ஆட்களை அவர் இருத்துகிற மாதிரியே தானும் இருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தையும் திருப்பியிருக்கிறார். அந்த மனுசன் அங்கேயும் வெளிச்சம் பார்த்திருக்கிறார். அதைக் கண்டதும்தான் அழுதேன்.

மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைத் தடவினா. "என்ர ராசா, என்ர ராசா" என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தா.

ஒக்டோபர் 28, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

படத்தில் போன வாரத்துத் திகதி. ஜூட் நம்புகிறானில்லை. "கமராத் திகதியை நம்பேலாது அண்ணி. பற்றறி செத்தால் எல்லாம் குழம்பிடும். இது தை மாதம் எடுத்ததாயும் இருக்கலாம்."

மாமிதான் கண்டுபிடித்தா. படத்திலுள்ள சுவர் மணிக்கூட்டையும், படத்துக்குக் கீழே எழுதியிருந்த நேரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, கமரா அரை மணித்தியாலம் முன்னுக்கு நிக்குது?"

போன வருடம் நாடு முழுக்க நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்களே, எல்லோரும் மணிக்கூட்டை மாற்றினோம். அன்ரன் கமராவை மாற்றவில்லை. "பழைய நேரத்திலயே கிடக்கட்டும். கலியாண வீட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போவன்" என்று பகிடி. பற்றறி செத்து எவனாவது புதிதாகத் திகதி வைத்திருந்தால் இன்றைய நேரத்தைத்தானே வைத்திருப்பான்? அந்த அரை மணித்தியாலம் அப்படியே இருக்கிறது. கமராவின் மணிக்கூட்டில் யாரும் கை வைக்கவில்லை. திகதி சரி.

போன வாரம் அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

மாமி சீலையை மாற்றிக்கொண்டு நேரே பங்குக்குப் போய்க் கவரைத் திருப்பி வாங்கி, மாமாவின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தா. ஃபாதர் ஏன் என்று கேட்டாராம். "பிழையா எழுதிப்போட்டன் ஃபாதர்" என்றாவாம். அவர் வேறொன்றும் கேட்கவில்லையாம்.

படத்தை யாரிடமாவது கொடுப்போமா என்று கேட்டேன்.

"ஆரிட்டக் குடுப்பாய்? கொண்டுபோனவன் ஆரெண்டு தெரியாமல் ஆரிட்டப் போய்க் காட்டுறது?"

ஒக்டோபர் 30, செவ்வாய்

வானம் மப்பு. புரோகிராம்காரரின் ஈமெயில். குதூகலமாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் படங்களை யார் யார் ரசித்தார்கள் என்று இனி நீங்களும் பார்க்கலாமாம்! நாளை முதல். எல்லோருக்கும். தானாகவே.

ஜூட் மூச்சு வாங்கக் கதைத்தான். "அண்ணி, அந்தப் போல்டரை விட்டு வெளியில வாங்கோ. நான் வந்திட்டன். ஓரத்தில கிடக்கிற பேரை அவன் கவனிக்கேல்ல, நாளைக்குத் திறந்தவுடன ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் உங்கட பேர் நிக்கும். கடைப் பேரிலயெல்லே வச்சிருக்கிறியள்!"

வெளியே வந்தால் போல்டர் மறைந்துவிடும். பச்சைப் புள்ளியும்தான். இனி அவர் படம் ஒன்று வந்தாலும் எனக்குத் தெரியாது. அந்தப் பயம் மற்றப் பயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. வெளியே வரவில்லை. கடைப் பெயரை அழித்துவிட்டு மலர் என்று வைத்தேன். நாட்டில் எத்தனையோ மலர்.

பிறகு இன்னொன்றும் செய்தேன். புதியதில் நான் போடுவதும் அங்கே போகும். மாமியை விளக்குக்கு முன்னால் இருத்தி ஒரு படம் எடுத்தேன். யாராவது அவருக்குக் காட்டினால், ஒரு நிமிடம் அவர் கண்ணில் பட்டால், தாய் இருக்கிறா என்று தெரியும். இந்த மாதிரி முகம் ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கும், வேறு யாருக்கும் ஒன்றும் விளங்காது. மாமி வெள்ளைச் சீலையை மாற்றிப் பச்சைச் சீலை உடுத்துக்கொண்டு வந்தா. நான் சொல்லவில்லை.

போட்டேன். போய்விட்டது.

ஒக்டோபர் 31, புதன்

காலையில் கடையைத் திறந்ததும் பார்த்தேன். மாமியின் படத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி.

அன்ரன் இந்தப் படத்தைப் பார்த்தார்.

லெப்டொப்பில் பதிந்திருக்கிற பெயர் அது, யார் திறந்தாலும் அப்படித்தான் காட்டும். தெரியும். தெரிந்தும் அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன். வேறு எவனோ அன்ரனின் பெயருக்குள் இருந்து பார்க்கிறான்.

மத்தியானம் மாமியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கடவுளே.

கடையில் எந்தப் படத்தைச் சேமித்தாலும் கீழ் மூலையில் கடையின் முத்திரை விழும்படி அன்ரன் செய்து வைத்திருக்கிறார். வருடக்கணக்கில் அப்படித்தான். நான் அதைக் கவனிப்பதே இல்லை. மாமியின் பச்சைச் சீலைக் கரைக்குப் பக்கத்தில் கடைப் பெயர், வீதி, ரெலிபோன் நம்பர். தெளிவாக, வெள்ளை எழுத்தில்.

மலராம் மலர். என் தலையில் என்னதான் இருக்கிறது?

அழித்தேன். பார்த்தவன் பார்த்துவிட்டான்.

நவம்பர் 2, வெள்ளி

ஆத்துமாக்கள் திருநாள். தூறல். சேமக்காலை முழுக்கக் குடை.

மாமாவின் கல்லறையில் மட்டும் திரி கொளுத்தினோம். ஃபாதர் பெயர்களை வாசிக்கத் தொடங்க, மாமி என் கையைப் பிடித்துக்கொண்டா. மாமாவின் பெயர் வந்தது. அடுத்தது வேறு குடும்பத்தின் பெயர். மாமி கையை விட்டா.

வரும் வழியில் ஆமிச் சென்றியில் மறித்தார்கள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவன் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்த மாதிரி. எல்லோரும் பார்க்கிற மாதிரித்தான் இருக்கிறது இந்த இரண்டு நாளாக. நேற்றுக் கடைக்கு வந்த எல்லோரிடமும் நாய் இருக்கிறதா என்று கேட்க வாய் உன்னியது.

நவம்பர் 3, சனி

மழை விட்டிருக்கிறது. கடையை அரைவாசி திறந்துவிட்டு உள்ளே வந்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் அன்ரன் பச்சை. போல்டரில் நாய் இல்லை, கேக் இல்லை, பெண் இல்லை, எல்லாம் அழித்தாயிற்று. அன்ரனின் படமும் இல்லை. அதை நான் சீடியில் எடுத்து வைத்துவிட்டேன், நல்ல காலம்.

ஒரே ஒரு படம். புதிது.

எங்கள் கடை. வீதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பெயர்ப்பலகை, அரைவாசி தூக்கிய ஷட்டர், வாசல் கதிரையில் மாமி முருங்கையிலை உருவிக்கொண்டு. உள்ளே இருட்டில் மஞ்சளாக ஒன்று தெரிகிறது. என்னுடைய சட்டை. இன்று காலை போட்டது.

ஓடிப்போய் வீதியைப் பார்த்தேன். முச்சக்கரவண்டி, சைக்கிள்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரியூசன் வகுப்புக்குப் போகுதுகள். மூடிய பேக்கரி. யாரும் இல்லை, எல்லோரும் இருக்கிறார்கள்.

ஜூட்டுக்கு எடுத்தேன். "பூட்டுங்கோ அண்ணி! அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஃபாதரிட்டப் போங்கோ, இப்பவே!"

மாமிக்குப் படத்தைக் காட்டினேன்.

"எடுத்தவனுக்கு என்ர பிள்ளை இருக்கிற இடம் தெரியும். பூட்டாதை."

"மாமி, உங்களுக்குப் பயமில்லையே?"

"ஏன் இல்லை? எண்டாலும் பூட்டிப்போட்டு ஓடினால் பிறகு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

ஷட்டரை முழுதாக மேலே தள்ளினேன். எல்லா விளக்கையும் போட்டேன். எனக்கும் பயம்தான். மாமி திரும்பவும் வாசல் கதிரையில் போய் இருந்துவிட்டா.

அன்ரனின் புள்ளி இப்போது சாம்பல்.

மாமி கூப்பிடுகிறா. படம் எடுக்க ஆள் வந்திருக்காம்.